மாதா படத்தின் பின்புறம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை நான் குடியிருக்கும் ரஹாங்கில் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை. "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிடுவேன். அதோடு விட்டால் தப்பித்தேன். சிலர் விடமாட்டார்கள். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வேலியோரம் நின்றுகொண்டு கிண்டிக் கிண்டிக் கேட்டாள். சரி, கேட்டுத் தொலைக்கட்டும் என்று சொன்னேன்.

"போட்டோ வர்றதுக்கு முன்னாடி அமெரிக்காவில உள்ளங்கையில அடங்குற மாதிரி சின்னச் சின்னதா ஆள் படம் வரைஞ்சு வச்சிருக்காங்க. பாதிப் படத்துல வரைஞ்சவங்க பேரு இருக்காது. அது யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை."

"படத்துல இருக்கிறது யாருன்னா?"

"இல்லக்கா. வரைஞ்சது யாருன்னு."

"அதத் தெரிஞ்சு என்னலா செய்யப் போறாங்க?" என்றாள். கேள்வி நியாயமானது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

சிரம்பானில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் இருந்தவள் நான். பழைய படங்களில் பூஞ்சணம் அரித்த கன்னத்தையும் கிழிந்துபோன புடவைக் கரையையும் கணினியில் சரிசெய்து கொடுப்பேன். ஸ்டூடியோவை மூடியபிறகு இணையத்தில் அதே வேலையைத் தேடினேன். அமெரிக்காவில் வயதான கணவன் மனைவி இருவர், தாங்கள் சேகரித்து வைத்திருந்த சிறு ஓவியங்களைப் படமெடுத்து அனுப்பினார்கள். தூசியையும் கண்ணாடியின் பளபளப்பையும் நீக்கித் தரவேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை இரண்டு படங்களை அனுப்பி, வேறு வேறு ஆள் வரைந்தது என்று குறிப்பும் எழுதியிருந்தார்கள். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "இல்லை, இரண்டும் ஒரே கை" என்று எழுதிவிட்டேன். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு தூசி துடைக்கும் வேலை குறைந்து, கையைப் பார்க்கும் வேலை கூடிவிட்டது.

இதில் மந்திரம் மாயம் ஒன்றும் கிடையாது. யானைத் தந்தத்தைத் தாள் கணக்காகச் சீவி, அதன்மேல் நீர்வண்ணத்தில் வரைந்த படங்கள் அவை. முகத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். முகத்தை அழகாகக் காட்டத்தான் காசு கொடுத்திருக்கிறார்கள், அதனால் எல்லோரும் அங்கே ஜாக்கிரதையாக இருப்பார்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று வரைபவர் நினைக்கிற இடத்தில்தான் அவருடைய சொந்தக் கை தெரியும். காதின் மடல், ஆடையின் மடிப்பு, முகத்துக்குப் பின்னால் வெறுமனே கோடு கோடாய் இழுத்து நிரப்பிய வானம், இவற்றைத்தான் நான் பார்ப்பேன்.

பல வருடமாக ஒரு ஆளை நான் தேடிக்கொண்டிருந்தேன். காது வரைய வராத ஆள். எந்தப் படத்திலும் ஒரு சுருள்முடியையோ தொப்பியின் ஓரத்தையோ இழுத்துவிட்டுக் காதை மூடிவிடுவார். பின்னணிக் கோடுகள் இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும், ஆகவே இடதுகைக்காரர். நான் அவருக்கு 'காதுமூடி' என்று பேர் வைத்திருந்தேன். அமெரிக்கத் தம்பதியிடமே அவருடைய படங்கள் சில இருந்தன. எதிலும் கையெழுத்து இல்லை. அந்த ஆள் மேல் எனக்கு ஒரு பிரியம், கொஞ்சம் எரிச்சலும் கூட. இவ்வளவு நன்றாக வரைந்துவிட்டுப் பேரைப் போடாமல் போனால் என்ன அர்த்தம்?

இனி அம்மாவையும் பெரியம்மாவையும் பற்றிச் சொல்லவேண்டும். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே போனால் வரும் ரப்பர்த் தோட்டம். அங்கே ஒரே லயத்து வீட்டில் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்தோம். பெரியப்பா போனார், பிறகு அப்பா போனார். பால்மரத்தை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். பக்கத்து வீடுகளில் வெளிநாட்டு வேலையாட்கள் வந்தார்கள். ஓரகத்திகள் இரண்டு பேர் மட்டும் அந்த வீட்டை விட்டு அசையவில்லை. நான் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன். "அக்காவ விட்டுட்டா?" என்பார் அம்மா. பெரியம்மாவைக் கூப்பிட்டால், "உங்கம்மா வந்தா வர்றேன்" என்பார். இருவரும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். தேங்காய் துருவியதில் ஓடு விழுந்தது என்பதில் ஆரம்பித்து, எவளோ எவள் கல்யாணத்திலோ என்னவோ சொன்னாளாம் என்பதில் போய் நிற்கும். சாப்பாடு மட்டும் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்கு இறங்காது.

அந்த வீட்டுச் சாமி மேடையில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் ஒரு மாதா இருந்தார். நாங்கள் வேதக்காரர்கள் இல்லை. ஆனாலும் மாதாவிடம் வேண்டிக்கொள்ளாத தோட்டத்து வீடு எது? அந்த மாதா வந்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் பிறப்பதற்கு முன்னால் அம்மா பங்களாவில் ஆயா வேலை செய்தார். அப்போது தோட்டம் ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் இருந்தது, துரையும் அமெரிக்கர். துரைசாணி ஊர் திரும்புகிறபோது, சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சின்னப் படங்களில் பிடித்ததை எடுத்துக்கொள் என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மா வெள்ளை லேஸ் தொப்பி போட்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு வந்தார்.

பெரியம்மா அதைப் பார்த்ததும், "ஐயோ, மாதா!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். லேஸ் முக்காடாகத் தெரிந்திருக்கிறது, தாழ்ந்த பார்வை அருளாகத் தெரிந்திருக்கிறது. "இது தொரசாணி வீட்டுப் படம்க்கா" என்று அம்மா சொல்லிப் பார்த்தார். பெரியம்மா கேட்டால்தானே. பெரியப்பா அந்தப் படம் நேராக நிற்பதற்காக ஒரு பலகைத் துண்டில் பசைபோட்டு ஒட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தாயிற்று. அம்மாவும் சரி மாதாவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். எதையும் 'இருக்கட்டும்' என்று விட்டுவிடுகிற ஆள் அவர். எனக்கு நேர் எதிர்.

பெரியம்மாவுக்கு ஒரே பிள்ளை. எனக்கு அண்ணன். ஒருநாள் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, பெடாஸைத் தாண்டிய வளைவில் தூறலில் சக்கரம் சறுக்கி விழுந்து இறந்துபோனான். யாரும் இடிக்கவில்லை. முன்னாலும் பின்னாலும் வண்டியே இல்லை. பெரியம்மா அதை நம்பவில்லை. போலீஸ்காரரிடம், தூக்கிக்கொண்டு போனவர்களிடம், அந்த வளைவுக்குப் பக்கத்தில் கோப்பிக்கடை வைத்திருந்தவரிடம், எல்லோரிடமும் அலைந்து அலைந்து கேட்டார்: "யாரு இடிச்சா?" யாரும் இல்லை என்று சொன்னவர்கள் மேல் மண்ணை வாரித் தூற்றினார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். ஆறிவிட்டது என்று நான் நினைத்தேன். என்ன அறிவு எனக்கு!

போன தீபாவளிக்கு முந்தின வாரம், வீடு துடைக்க உதவலாம் என்று போயிருந்தேன். அம்மா மேடையைக் கழுவிவிட்டுப் படங்களை வாசலில் காயவைத்திருந்தார். மாதாவின் கண்ணாடியில் ஈரத்துணிக்குப் போகாமல் வருடக்கணக்காய்ப் படிந்திருந்த சூடப்புகையை அன்றைக்குத்தான் சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார். வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. நான் கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றேன்.

முகத்துக்குப் பின்னால் சாம்பல்நீலக் கோடுகள் இடது மேலிருந்து வலது கீழாக இறங்கின. காதை ஒரு சுருள்முடி மூடியிருந்தது.

சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் நான் கும்பிட்டுவிட்டுப் போன மாதா, ஏதோ ஓர் அமெரிக்க ஊரில் காதுமூடியின் முன்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாள். சந்தோஷமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணாடியில் நெற்றிக்கு நேரே ஒரு கீறல் விட்டிருந்தது. அதன் வழியாக ஈரக் குங்குமம் உள்ளே இறங்கித் தந்தத்திலேயே ஊறி, அந்த அம்மாளுக்கு அழியாத பொட்டாகிவிட்டிருந்தது.

"பெரியம்மா, இத யாரும் தொடாதீங்க. பின்பக்கத்த நான் பாக்கணும்."

"ஏன், உன் அமெரிக்காக்காரன்கிட்ட குடுக்கப் போறியா?"

"இல்ல பெரியம்மா. யாரு வரைஞ்சதுன்னு பின்னால ஏதாவது தெரியும். பலகைய எடுக்கணும். மெதுவா எடுக்கணும், நான் சாமான் கொண்டாந்து..."

"பலகைதானே? இதுக்குப் போயி சாமானா?" என்றார் பெரியம்மா. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டு ஒரு நெம்பு நெம்பினார். "ஐயோ" என்று நான் பாய்வதற்குள் பலகை படக்கென்று கழன்று விழுந்தது.

பின்பக்கமும் கண்ணாடி. அதற்குள் வெள்ளைப் பட்டுத் துணியின்மேல் ஒரு கொத்து முடி. நெற்கதிர் வளைவது போல வளைத்து, அடியில் மெல்லிய பொன்னூல் சுற்றிக் கட்டியிருந்தது.

இது எனக்குப் புதிதல்ல. இப்படிப்பட்ட படங்களின் முதுகில் முடி வைப்பது அந்தக்கால அமெரிக்கர்களின் வழக்கம். உயிரோடு இருப்பவர்களின் முடியையோ இறந்தவர்களின் முடியையோ, பிரியத்தில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் பெரியம்மாவின் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. முடி. நூல் போட்டுக் கட்டிய முடி. அதுவும் சாமி மேடையில், யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்த முடி.

கத்தி கீழே விழுந்தது. "செய்வினை" என்றார் பெரியம்மா. என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"இந்தப் படத்தக் கொண்டாந்தது யாரு?"

அம்மா விழித்தார்.

"புள்ளைங்களுக்கு முடி வெட்டிவிட்டது யாரு? எம்புள்ளைக்கு யாருடி முடி வெட்டிவிட்டா?"

அம்மாதான் வெட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்படியில் உட்காரவைத்து, துண்டைப் போர்த்தி, எங்கள் எல்லோருக்கும். அண்ணன் வேலைக்குப் போகத் தொடங்கும்வரை அம்மாவிடம்தான் தலையைக் கொடுப்பான். சித்தி கை பட்டால்தான் முடி படியும் என்பான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெரியம்மா, மூளை கெட்டுப் போச்சா உங்களுக்கு? இந்த முடி வெள்ளைக்காரி முடி! அண்ணன் பொறக்கறதுக்கு முன்னால வந்த படம் இது!" என்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. "வெளிய போடி" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள்.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் இரண்டு புடவையும் மாத்திரை டப்பாவும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். படியிறங்கும்போது மட்டும் திரும்பி, "அக்கா, பருப்பு ஊறவச்சிருக்கேன். புளிச்சுப் போறதுக்குள்ள ஆட்டிரு" என்றார். பெரியம்மா படத்தை எங்கள் பின்னால் வாசலுக்கு வீசினார். நல்லவேளை, மண்ணில் விழுந்தது. அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அம்மாவோடு ரஹாங் வந்து சேர்ந்தேன்.

அந்தத் தீபாவளி எங்களுக்குத் தீபாவளியாக இல்லை. அம்மா என் வீட்டு நாற்காலிகளில் விருந்தாளி மாதிரி ஓரத்தில் உட்கார்ந்தார். காலையில் எழுந்து இரண்டு கோப்பி கலக்குவார். நான் கோப்பி குடிப்பதில்லை. கலக்கி முடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வரும். "இப்ப மாத்திர போட்டிருப்பாளா தெரியல" என்பார். "அவங்க உன்னை நாய விரட்டுற மாதிரி விரட்டுனாங்க" என்று நான் சொன்னால், "நாயக்கூட இப்படி விரட்ட மாட்டாதான்" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். சோறு கோழி கொத்துவது போல நாலு வாய். இளைத்துக்கொண்டே போனார்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "நான் வைக்கலன்னு ஒரு வார்த்த சொன்னா என்னம்மா? நீ பேசாம கெளம்பி வந்ததாலதான் அவங்க இன்னும் உறுதியா நம்புறாங்க."

"சொன்னா கேக்குற நெலமையிலயா இருந்தா?"

"அப்ப உனக்கு அங்க போகவேணாமா?"

"போகாம?" என்றார். கண் நிறைந்துவிட்டது. "அங்கதானே என் வீடு இருக்கு."

இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. உடனே பெரியம்மாவுக்கு போன் போட்டேன். முதலில் எடுக்கவில்லை. விடாமல் போட்டேன். எடுத்து, "என்ன?" என்றார்.

"அந்த முடிய உள்ள வச்சது அம்மா இல்ல பெரியம்மா. படத்த செஞ்சவங்களே வச்சது."

"யாரு செஞ்சா?"

"அமெரிக்காவுல ஒரு ஆளு."

"எந்த ஆளு? பேரு என்ன? யாருன்னே தெரியாம அவன்தான் வச்சான்னு எப்படிலா சொல்ற? நீதானே ஊரு படத்துக்கெல்லாம் ஆளு கண்டுபிடிக்கிறவ. கண்டுபிடிச்சுக் கொண்டா. பேரோட கொண்டா. அப்ப நம்புறேன்." போனை வைத்துவிட்டார்.

அதற்குமேல் நான் வேறு வேலை எடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையையே வேலை மேசையாக்கி, படத்தை வைத்து விளக்கைச் சாய்த்துத் துண்டு துண்டாகப் படமெடுத்தேன். பின்பக்கத்துக் கண்ணாடியைப் பிடித்திருந்த உலோக விளிம்பில் பிரித்த தடம் எதுவும் இல்லை. செய்தபோது எப்படி மடித்தார்களோ அப்படியே இருந்தது. எனக்கு அதுவே போதும். பெரியம்மாவுக்குப் போதாது. செய்வினை வைக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பார்.

முன்பக்கம் அந்த அம்மாளின் தோளுக்குப் பக்கத்தில், சட்டத்தின் ஓரத்திலிருந்து மயிரிழை போல ஒரு கீறல் வெளியே வந்து நின்றது. முதலில் விரிசல் என்றுதான் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் விரிசல் இல்லை, ஊசிமுனையால் கீறியது. ஏதோ ஓர் எழுத்தின் வால். எழுத்து சட்டத்துக்குள் ஒளிந்திருந்தது. சட்டத்தைக் கழற்ற எனக்குத் தைரியம் இல்லை. அதை நானே பிரித்துவிட்டால், பிரிக்காத படம் என்று பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

அமெரிக்கத் தம்பதியில் அந்த அம்மையாருக்கு எழுதினேன். உங்களிடம் இருக்கும் காதுமூடியின் படங்களில் ஏதாவது ஒன்றை உங்கள் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள், தோளுக்குப் பக்கத்து ஓரத்தைப் பாருங்கள், எல்லாப் படத்தின் முதுகையும் எனக்குப் படமெடுத்து அனுப்புங்கள் என்றேன். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டார். "என் அம்மாவுக்காக" என்று மட்டும் எழுதினேன். மறுபேச்சு இல்லாமல் செய்தார்.

முதலில் முதுகுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் முடி. கறுப்பு, பழுப்பு, நரைத்தது. ஒவ்வொன்றும் அதே நெற்கதிர் வளைவு. அடியில் அதே பொன்னூல், அதே கட்டு, முடிச்சின் நுனி இடதுபக்கமே திரும்பியிருந்தது. கடையில் கொடுத்துச் செய்ததாக இருந்தால் கட்டு மாறியிருக்கும். வரைந்த ஆளே உட்கார்ந்து கட்டியிருக்கிறார்.

பிறகு ஒருநாள் காணொளியில் அம்மையாரே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேர் இருக்கிறது என்றார். சட்டத்தின் மறைவில், ஓரத்தோடு ஓரமாக, ஊசியால் கீறி எழுதியிருக்கிறது. கடைசி எழுத்தின் வால் நீளமாக வெளியே ஓடுகிறது. அதைத் திரையில் காட்டினார். என் மேசையில் இருந்த வாலும் அதே வால். அது ஒரு பெண்ணின் பெயர். இத்தனை வருடமாக ஆண் என்றே நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறோம் நாங்கள் இருவரும். அதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் யார் பேரையும் எழுதவில்லை, அவள் பேர் மட்டும் எதற்கு?

"நெற்றியில் சிவப்பாக ஒன்று இருக்கிறதே, அதுவும் அவள் வைத்ததா?" என்று கேட்டார் அம்மையார்.

"இல்லை, அது என் பெரியம்மா வைத்தது" என்றேன். அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

பக்கத்தில் லோபாக்கில் ஒரு கடையில் எல்லாப் படங்களையும் பெரிய தாளில், முன்னும் பின்னுமாகக் கலரில் அச்செடுத்துக்கொண்டேன். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டார். வழியில் நிறுத்தச் சொல்லி ரவா லட்டு வாங்கினார், அது பெரியம்மாவுக்குப் பிடிக்கும். வண்டியில் போகும்போது அன்றைக்குத்தான் பல நாள் கழித்து அவர் வாய் ஓயாமல் பேசினார். கொல்லைப்புறத்து முருங்கையை வெட்டியிருப்பாளா, தண்ணித் தொட்டியைக் கழுவ ஆள் வைத்திருப்பாளா என்று. லயத்துக்கு வந்ததும், "நீ மொதல்ல போ. அவ கூப்பிட்டா வர்றேன்" என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

பெரியம்மா இளைத்திருப்பார், கண் குழி விழுந்திருக்கும் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. முகம் தெளிந்திருந்தது. "வா பாப்பா" என்றார், ஒன்றும் நடக்காதது போல. எனக்கு அம்பது தாண்டிவிட்டது, இன்னும் பாப்பாதான்.

தாள்களைத் தரையில் பரப்பினேன். அவர் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. முன்பக்கத்தைப் பார்ப்பார், பின்பக்கத்தைப் பார்ப்பார், முந்தினதை எடுத்து ஒப்பிடுவார். கடைசியில் முடிச்சின் மேல் விரலை வைத்தார். "ஒருத்திதான் கட்டியிருக்கா."

"ஆமா பெரியம்மா. பொம்பளைதான். எப்படித் தெரிஞ்சுது?"

"ஆம்பள எவன் இப்படிக் குந்திக் கட்டுவான்? பேரு?"

சொன்னேன். அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவில்லை, விட்டுவிட்டார்.

"எதுக்கு முடி வைக்கிறாங்க?"

"ஞாபகத்துக்குத்தான். வீட்டுல ஒருத்தர் செத்துப்போனாக்கூட, அவங்க முடியக் கொஞ்சம் எடுத்து வச்சுக்குவாங்க."

பெரியம்மா தாளிலிருந்த முடியின்மேல் விரலை ஓட்டினார். பிறகு, "எம்புள்ள முடி ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல பாப்பா" என்றார்.

ஆனாலும் வந்த காரியம் முக்கியம். "அப்ப அம்மா வைக்கலன்னு இப்பவாவது தெரியுதா?"

"தெரியும்."

"நம்புறீங்கள்ல?"

"அன்னைக்கே தெரியும்" என்றார். "கத்தி விழுந்துச்சு பாரு, அது தரையத் தொடுறதுக்குள்ளயே தெரியும். உங்கம்மாவா வைப்பா? எம்புள்ளைக்கா வைப்பா? அவ ஈயக்கூட அடிக்க மாட்டா."

எனக்குப் புரியவில்லை. "அப்பறம் எதுக்குப் பெரியம்மா வெரட்டுனீங்க? பேர் கொண்டாந்தா நம்புறேன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"நீ கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனைச்சேன்."

தாள்களை ஒன்றாக அடுக்கி என் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"மழ பேஞ்சுது, சறுக்குச்சு, செத்தான். அவ்ளோதான்னு எல்லாரும் சொன்னீங்க. அப்படிச் சும்மாவா சாவான் ஒருத்தன்? யாராச்சும் வேணும்ல? இத்தன வருசம் திட்டுறதுக்கு ஒரு ஆளு இல்லாம கெடந்தேன். சாமியத் திட்டுனா பயமா இருக்கு. இப்ப ஒரு ஆளு இருக்கு. காலையில எந்திரிச்சு உங்கம்மாவ வாய் வலிக்கத் திட்டுறேன். அப்பறம் சோறு எறங்குது. தூக்கம் வருது. அவ இல்லன்னு ஆயிட்டா நான் மறுபடி எங்க போவேன்?"

"அம்மா வெளிய வண்டியில இருக்காங்க பெரியம்மா."

"தெரியும். சன்னல்ல பாத்தேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அவளாவே இருக்கட்டும் பாப்பா. வேற யாரும் தாங்க மாட்டாங்க. அவ தாங்குவா."

நான் கத்தியிருக்க வேண்டும். கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். தாள்களை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அம்மா வண்டிக் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துத் தயாராக இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என்ன சொன்னா?"

மறைக்க எனக்கு மனசில்லை. ஆத்திரம் வேறு. எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்தே செய்தது, திட்டுவதற்கு ஆள் வேண்டும் என்றது, அவளாவே இருக்கட்டும் என்றது, ஒன்றுவிடாமல். "நீ வா, நான் இழுத்துக்கிட்டுப் போறேன், மூஞ்சிக்கு நேரா கேளு" என்று அம்மாவின் கையைப் பிடித்தேன்.

அம்மா கையை விடுவித்துக்கொண்டார். மூடியிருந்த வாசல் கதவையே கொஞ்சநேரம் பார்த்தார்.

"தூங்குறாளாமா?"

"ஆமா. சோறு எறங்குதாம், தூக்கம் வருதாம். நல்லாத்தான் இருக்காங்க!"

"அவன் போனதுலேருந்து அவ தூங்கி நான் பாத்ததில்ல" என்றார் அம்மா. "அப்ப நானாவே இருந்துட்டுப் போறேன்."

பிறகு மடியில் வைத்திருந்த லட்டுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "இதப் படியில வச்சுட்டு வா. நான் வாங்கினதுன்னு சொல்லாத."